வாசலைப் பார்த்த தொட்டி

வாசல் கதவை ஒட்டிய ஜன்னலில், தெருவைப் பார்த்தபடி பாம்புத் தொட்டியை வைத்திருந்தாள் ரேலீன்.

படியேறும்போதே பார்த்துவிட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வளர்த்தவர்கள் கைவிட்ட பாம்புகளை வாங்கி வைத்து, நல்ல வீடாகப் பார்த்துத் தத்துக் கொடுக்கிறவள் நான். கொடுத்த பத்தாம் நாள் நேரில் போய்ப் பார்ப்பேன். சரியில்லை என்றால் பாம்பைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். அதில் தாட்சண்யமே கிடையாது.

இவள் மேல் எனக்கு முதல் நாளே சந்தேகம்தான்.

அன்றைக்கு ஆரஞ்சும் சிவப்புமாக நாலு சோளப்பாம்புகளை எடுத்துக் காட்டினேன். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. நாலையும் விட்டுவிட்டு, மூலையில் கிடந்த மங்கின பழுப்பு நிறத்தானைக் கேட்டாள். மூன்று வருஷமாக யாரும் சீந்தாத பாம்பு. பிஸ்கட் என்று நானே பெயர் வைத்திருந்தேன்.

"இதைத்தானே மேடம், செம்புத்தலை விரியன்னு ஆளுங்க தப்பா நினைச்சுக்குறாங்க?" என்று கேட்டாள்.

கேட்டிருக்கவே வேண்டாம். அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் சோறு தண்ணி வேண்டாம்.

எங்கள் வட கரோலினாவில் அது ஒரு சாபக்கேடு. சோளப்பாம்புக்கு விஷம் கிடையாது, பரம சாது. ஆனால் தோட்டத்தில் தலைகாட்டினால் போதும், விரியன் என்று சொல்லி மண்வெட்டியால் இரண்டு துண்டாக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். கண்மணி வட்டமா கீற்றா என்று பாருங்கள், வயிற்றில் சதுரங்கக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள் என்று பள்ளிக்கூடம், சர்ச், தீயணைப்பு நிலையம் ஒன்று விடாமல் ஒன்பது வருஷமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தி வருகிறேன். நான் கொடுத்து அனுப்பும் ஒவ்வொரு தொட்டியிலும் 'சோளப்பாம்பு. விஷமில்லை.' என்று பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கும்.

அந்தச் சீட்டையும் கிழித்திருந்தாள். பசை மட்டும் கண்ணாடியில் மிச்சம் இருந்தது.

மற்றதில் குறை சொல்ல முடியவில்லை. தண்ணீர்க் கிண்ணம் சுத்தமாக இருந்தது. ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, ஒரு பக்கம் மட்டும் அடியில் சூடு, எல்லாம் நான் சொன்னபடி. ஃப்ரீசரில் வெண்டைக்காய்க்குப் பக்கத்தில் எலிக்குஞ்சுகள் தனி டப்பாவில். காலண்டரில் செவ்வாய்க்கிழமைக்கு நேரே 'சாப்பிட்டான்', அதற்கடுத்த இரண்டு நாளுக்கும் 'தொடாதே'. அவன் உரித்த சட்டையைக்கூட ஒரே துண்டாக எடுத்து வைத்திருந்தாள்.

இவ்வளவு தெரிந்தவள் வெயில் அடிக்கிற ஜன்னலில் வைப்பாளா?

"வெந்துபோயிடும் கண்ணு. உள் ரூமுக்கு மாத்து. இல்லைன்னா இப்பவே நான் தூக்கிட்டுப் போயிடுவேன்."

"உள்ள வச்சா வெளியில நிக்கிறவங்களுக்குத் தெரியாது, மிஸ் வெர்னா."

ஓகோ, ஊருக்குக் காட்டிப் பெருமையடிக்கத்தானா என்று நினைத்தேன். பூட்டிலிருந்த சாவியைத் திருகி மூடியைத் திறந்தேன். ரேலீன் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. ஓடிப்போய் வாசல் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு வந்தாள்.

ஒரு தாழ் இல்லை, மூன்று. மூன்றும் புதுசு.

அப்போதுதான் கதவைச் சரியாகப் பார்த்தேன். நிலைச்சட்டம் முழங்கால் உயரத்தில் பிளந்திருந்தது. அதன்மேல் புதுப் பலகை வைத்து ஆணி அடித்திருந்தாள். இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை.

"என் புருஷன் டுவைனுக்குப் போலீஸ்னா பயமில்லை. கோர்ட்டுல கிட்ட வரக்கூடாதுன்னு எழுதிக் குடுத்த காயிதத்தையும் என் முன்னாலயே கிழிச்சுப் போட்டான். ஆனா அவன் அண்ணனைச் செம்புத்தலை கடிச்சப்ப பக்கத்துல நின்னவன் மேடம். அதுலருந்து புல்லுல கால் வைக்க மாட்டான்." வேறெங்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். "போன வியாழக்கிழமை வராந்தா வரைக்கும் வந்தான். ஜன்னல்ல இவனைப் பார்த்தான். அப்படியே இறங்கிப் போயிட்டான். பதினோரு வருஷத்துல அவன் என் மேல கை வைக்காமத் திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை."

பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பார்கள். அந்தப் பழமொழியோடு சண்டை போட்டே என் தலை நரைத்துவிட்டது.

திறந்த மூடி வழியாக பிஸ்கட் மெல்ல ஏறி வந்து அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டான். கன்றி மஞ்சளாகிக்கொண்டிருந்த ஒரு காயத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தான். அந்த டுவைன் ஒருநாள் துணிந்து மண்வெட்டியோடு வந்தால் இவன் கதி என்ன என்று நினைத்தேன். அவள் கதி என்ன என்றும் நினைத்தேன்.



பிறகு ஓர் அட்டையை வெட்டி, வெயில் விழும் பக்கத்தில் மறைப்பாக வைத்தேன். அடிச்சூட்டைக் குறைத்து வைத்தேன். பாம்பை உள்ளே விட்டு மூடியைப் பூட்டி, சாவியை அவளிடமே கொடுத்தேன்.

"மார்க்கர் பேனா இருக்கா?" என்று கேட்டேன்.

புதுச் சீட்டில் என்னால் முடிந்த அளவு பெரிதாக எழுதினேன். 'செம்புத்தலை விரியன். கொடிய விஷம்.'

எழுத்து வெளியே பார்க்கும்படி கண்ணாடியில் ஒட்டினேன். மூன்று தாழையும் திறக்கச் சொல்லி வராந்தாவுக்குப் போனேன். அவன் நின்ற இடம் எது என்று கேட்டு, அங்கேயே நின்று படித்துப் பார்த்தேன்.

நன்றாகத் தெரிந்தது.