எண் இருந்த இடம்

எஸ்.ஐ. கட்டை விரலால் துப்பாக்கிக் குழலைத் தடவினார்.

மீண்டும் தடவினார். ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

எண் இல்லை.

அவள் ஸ்டேஷன் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே அவள் புருஷன், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

மலையில் லைசென்ஸ் வைத்திருக்கிற எல்லோரும் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போகிற நாள் அது. மற்றவர்கள் காட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

ஏன் அழித்தாய் என்று எஸ்.ஐ. மறுபடியும் கேட்டார்.

அழிக்கவில்லை என்றான். காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

எண் இல்லாத துப்பாக்கி கள்ளத் துப்பாக்கி. யார் அழித்தார்கள் என்று போலீஸ் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. யார் கையில் இருக்கிறதோ அவன்தான் அழித்தான் என்று சட்டமே சொல்லிவிடுகிறது. இல்லையென்றால் அவன்தான் நிரூபிக்க வேண்டும். வருடக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டிவரும் என்று ரைட்டர் சொன்னபோது, அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

நல்ல சட்டம்.

அவன் அப்பன் காலத்தில் அந்தத் துப்பாக்கிக்கு எண்ணே கிடையாது. அடிவாரத்துக் கொல்லன் அடித்துக் கொடுத்தது. வெடிச் சத்தத்தை வைத்தே யாருடையது என்று ஊருக்குத் தெரியும். பிறகு சர்க்கார், எல்லாத் துப்பாக்கிக்கும் எண் வேண்டும் என்றது. அப்பன் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கினார். தாலுகா ஆபீசில் யாரோ ஒருவன் அச்சை வைத்துத் தட்டினான். அழுந்தத் தட்டவில்லை. அவனுக்கென்ன, அவன் வீட்டுச் சாமையையா பன்றி தின்கிறது?

போன தேர்தலுக்குத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஓட்டுப் போடுகிற நேரத்தில் ஊரில் துப்பாக்கி இருக்கக் கூடாதாம். அவள் புருஷன் எண்ணெய் பூசி, பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். வேட்டியை யாரோ உருவிக்கொண்டார்கள். துப்பாக்கியைப் பின்னறையில் போட்டார்கள்.

பின்னறைக் கூரை ஒழுகும்.

தேர்தல் முடிந்தது. ஜெயித்தவர் மாலையும் கழுத்துமாக ஜீப்பில் போனார். மழைக்காலமும் முடிந்தது. அதற்கப்புறம்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

செங்கல் நிறத்தில் வந்தது.

அந்த வருடம் பாதி மரவள்ளியைப் பன்றி தோண்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அதற்கும் எவனும் பதில் சொல்லவில்லை.

துருப்பிடித்த சாமானை வீட்டில் வைத்துக்கொள்ள அவளுக்கு மனம் ஒப்பாது. மண்ணெண்ணெய் ஊற்றி, செங்கல் தூள் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தாள். பித்தளைக் குடத்துக்குப் போடுகிற அதே தேய்ப்புதான். துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதோடு எதெது போனது என்று யார் கண்டது? குழல் பளபளத்தது. அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

எண்ணைப் போட்டதும் சர்க்கார். தின்றதும் சர்க்கார்.

இப்போது எஸ்.ஐ. அந்தப் பளபளப்பைத்தான் பிடித்துக்கொண்டார். இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறவனுக்கு எண் போனது தெரியாமலா இருக்கும் என்றார். துருவோடு கொண்டுவந்திருந்தால், வைத்துக்கொள்ளத் தெரியாதவனுக்கு லைசென்ஸ் எதற்கு என்று கேட்டிருப்பார்.



பின்னறை அவள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. மேலிருந்து கீழ்வரை சுவரெல்லாம் தண்ணீர் இறங்கிய கறை. எஸ்.ஐ.யின் முதுகுக்கு நேர் பின்னால். திரும்பினால் தெரியும்.

அவர் திரும்பவில்லை.

அவள் செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனாள்.

“தேச்சது நாந்தான் சார். துரு ஒங்க ஸ்டேசன்ல புடிச்சது.”



எஸ்.ஐ. அவளைப் பார்த்தார். சுவரைப் பார்க்கவில்லை. ரைட்டரைப் பார்த்துத் தலையசைத்தார்.

ரைட்டர் தாளை எடுத்து எழுத உட்கார்ந்தார். அவளுக்கு நெஞ்சு லேசானது. உண்மையைச் சொல்லியாயிற்று, எழுதிக்கொள்கிறார்கள், இனி வீட்டுக்குப் போகலாம். கூரை ஒழுகுவதையும் எழுதுவார்கள் என்றுதான் நினைத்தாள்.

பெயர் கேட்டார். அலமேலு என்றாள்.

புருஷன் பெயர் கேட்டார். வாயால் சொல்லாமல் அவன் பக்கம் கையைக் காட்டினாள். சீரங்கன் என்று அவனே சொன்னான்.

எதைப் போட்டுத் தேய்த்தாய் என்று கேட்டார். ஒன்று விடாமல் சொன்னாள். எவ்வளவு நேரம் தேய்த்தாய் என்று கேட்டார். போகிறவரைக்கும் தேய்த்தேன் என்றாள்.

எஸ்.ஐ., பெண் போலீசைக் கூப்பிடச் சொன்னார்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அவனுக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது. கக்கத்திலிருந்த துண்டு கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

“அவளுக்கு ஒண்ணுந் தெரியாது சார். நாந்தான் அழிச்சேன்.”

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். பொய் என்றாள். மழை என்றாள். கூரை என்றாள். பின்னறையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள்.

ரைட்டர் அதுவரை எழுதிய தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். வேறு தாள் எடுத்தார்.

எதை வைத்து அழித்தாய் என்று அவனைக் கேட்டார்.

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அரமா என்று ரைட்டரே எடுத்துக் கொடுத்தார்.

ஆமாம் என்றான்.