உதுமாலெவ்வை குடும்பத்தார் பூப் பார்த்த கதை

கல்முனையிலிருந்து நுவரெலியா மலர்க் கண்காட்சிக்கு இன்ஸாப் ஊர்ச்சனத்தைச் சுற்றுலா கூட்டிப்போன பஸ்ஸில், பின்சீட்டு முழுவதையும் ஊருக்கெல்லாம் அண்ணன் முறையான உதுமாலெவ்வைக் காக்கா தன் குடும்பத்துக்கென்று எடுத்திருந்தார். முன்னால் சேலைத் திரையும் கட்டியிருந்ததால், மரியாதைக்கு யாரும் திரும்பியே பார்க்கவில்லை. "எல்லாரும் இறங்கினாப் பிறகு நாங்க இறங்குறம்" என்றார். சோற்றுப் பார்சலும் வேண்டாமென்றுவிட்டார்.

யார்தான் அந்த அடக்கமான பெண்கள் என்ற யோசனை இன்ஸாபை நாள் முழுக்க அரித்தது.

பஸ் புறப்படும் நேரம் தாண்டியும், காக்கா பூங்காவின் ஓரத்து மரத்தடியில் தனியே குந்தியிருந்தார்.

"குடும்பம் எங்க காக்கா?"

"பூப் பார்க்கப் போயிருக்காங்க. பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்கு முன்னம் வந்திருவாங்க."

"துணைக்கு ஆம்புளைகள்?"

"அவனுகள் சோம்பேறிகள் தம்பி. போனது முழுக்கப் பொம்புளைகள்தான்."

இன்ஸாப் பதறிப்போய்ப் பூங்காவைச் சுற்றிப் பார்த்தான். இந்தச் சனத்துக்குள் ஒருத்தி தொலைந்தாலும் பிறகு ஊருக்குள் தலைகாட்ட ஏலாது.

"எத்தனை பேர்?"

"எண்ணல்ல."

"பேரையாவது சொல்லுங்க, மைக்கில கூப்பிடுறன்!"

"பேர் வைக்கல்லயே தம்பி."

இன்ஸாப் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள், அவன் காதை உரசிக்கொண்டு ஒருத்தி பறந்துபோனாள். பின்னால் இன்னும் நூறு பேர். எல்லாரும் காக்காவின் காலடியிலிருந்த மரப்பெட்டியின் ஓட்டைக்குள் ஒழுங்காக நுழைந்தார்கள்.

தேனீக்கள்!

"வருஷம் முழுக்க எனக்காக உழைக்குதுகள்" என்றார் காக்கா. "ஒரு நாளாவது சுத்திக் காட்டாட்டி அல்லாஹ் கேப்பான்தானே?"

பெட்டி திரும்பப் பின்சீட்டில் ஏறியதை எல்லாரும் பார்த்தார்கள். கல்முனை வரும்வரை டிரைவர் ஒரு பள்ளத்தில்கூட பஸ்ஸை விடவில்லை. பாட்டுப் போடச் சொல்லி ஒருவரும் கேட்கவுமில்லை.