காலருக்கு மேல் ஒரு மாலை

"அந்தப் படத்தை எடுக்கச் சொல்லு. இல்லேன்னா என் பேரை எடுக்கச் சொல்லு!"

கண்காட்சிக் கூடத்தின் வாசலிலேயே சிற்பி நின்றுவிட்டார். ஆளுயரப் படத்தில், அவர் செய்யும் நகைகளை வாங்கிச் சேர்க்கிற டாக்டரம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கழுத்து வரை பட்டன் போட்ட முழுக்கைச் சட்டை. அதற்கு மேல், சிற்பி தட்டித் தட்டிச் செய்த பித்தளைக் கம்பி மாலை.

"மெதுவாப் பேசுங்க" என்று மனைவி அவர் கையைப் பிடித்தாள். "நாளைக்குத் திறப்பு விழா. இத்தனை வருஷமா இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தீங்க?"

"எதுக்கு? சட்டைக்கு அலங்காரம் பண்ணவா?"

மனிதருக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. ஆனால் அந்தக் கை இருக்கிறதே, அதற்கு எதை வேண்டுமானாலும் மன்னிக்கலாம். ஆள் உயரச் சிலை செய்கிற அதே கை, காதுக்குத் தோடும் செய்யும். உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் தோடு, காப்பு, மோதிரம் என்று அத்தனையும் டாக்டரம்மாவின் சொந்தச் சேகரிப்பு. பேர்போன ஓவியங்கள் தொங்குகிற அவர் வீட்டில், இவற்றுக்குத்தான் நடு அலமாரி.

கூடத்தின் மத்தியில் சிற்பி செய்த முதல் மாலை. ஒரே கம்பி, எங்கேயும் ஒட்டுக் கிடையாது. வளைந்து வளைந்து வந்து தொண்டைக்குழியில் ஒரு சுழியாக உட்காரும். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.

"அந்த மாலையோட உள்பக்கத்தை எவ்வளவு நேரம் இழைச்சேன், நீதான் பாத்தியே! எதுக்கு? தோல்ல படணும்னுதானே? இந்தம்மா துணி மேல மாட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுத்தறாங்க. காப்பைக்கூட சட்டைக் கைக்கு மேலதான் போடறாங்க. வெயில் கொளுத்தினாலும் அதே காலர். ரசனை இருக்கிறவங்க செய்யற வேலையா இது?"

"ரசனை இல்லாமலா நீங்க செஞ்சதை ஒண்ணு விடாம வாங்கினாங்க?"

"வசதி இருக்கு, வாங்கினாங்க. பித்தளை உடம்புல பட்டா கௌரவம் போயிடும்னு நினைப்பு!"

"யார் கௌரவம் போகுது?"

பின்னால் டாக்டரம்மா. சிற்பியின் மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வருவது வரட்டும் என்று சிற்பி நிமிர்ந்தார். "நீங்களே வந்தது நல்லதாப் போச்சும்மா. என் மாலையை ஒரே ஒரு தடவை வெறும் கழுத்துல போட்டுக் காட்டுங்க. இல்லேன்னா நாளைக்கு நான் வரமாட்டேன்."

டாக்டரம்மா கூடத்தின் நடுவில் இருந்த மாலையைக் கைகாட்டினார்.

"போட்டிருக்கேனே. இந்த முதல் மாலையை, ஒரு விருந்துக்கு. போட்ட கொஞ்ச நேரத்துலயே எரிய ஆரம்பிச்சுடுச்சு. பித்தளை எனக்கு ஒத்துக்காதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஆனா வந்தவங்க எல்லாம் கிட்ட வந்து வந்து பாத்து அசந்து போறாங்க. கழட்ட மனசு வரலை. அப்புறம் ரொம்ப நாள் புண்ணாக் கிடந்தது."

சிற்பி திரும்பி அந்த மாலையைப் பார்த்தார்.

"நான் தோல் டாக்டர் வேற. ஒத்துக்காததைத் தொடாதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ. வெளிய சொல்லி என் பொழைப்பைக் கெடுத்துடாதீங்க!" என்று சிரித்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெள்ளியில செஞ்சிருப்பேனேம்மா..." என்றார் சிற்பி.

"அதனாலதான் சொல்லலை. பித்தளை உங்க கையில பேசுது. என் தோலுக்காக அது வாயை மூடணுமா? நான் சட்டையை மாத்திக்கிட்டா முடிஞ்சது."

சொல்லிக்கொண்டே டாக்டரம்மா காலர் பட்டனைக் கழற்றினார்.

முதல் மாலையின் வளைவுகள் அத்தனையும், தொண்டைக்குழியில் அந்தச் சுழியோடு, அவர் கழுத்தில் கறுத்த தழும்பாக அப்படியே பதிந்திருந்தன.