அந்த நாவலில் வரும் புருஷன்

"அந்தப் புருஷனை மாதிரி ஒரு ஜடத்தை நான் என் ஆயுசுல பார்த்ததில்லைங்க! நேர்ல மட்டும் கிடைச்சான்னா, கன்னத்துல நாலு வைப்பேன்!"

மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் மேசையைத் தட்டியதில் தண்ணீர் டம்ளர் ஆடியது. வாசகர் வட்டத்தின் பதினோரு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மருந்துக்கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் அந்த வட்டத்தில் யாரும் நிமிர்ந்து உட்கார்ந்தே ரொம்ப நாளாகியிருந்தது.

அவருக்கோ உள்ளே உதறல். போன முறை பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு வந்தவர், அட்டைப்படம் வரைந்தவரின் பெயரைக் கதாநாயகன் பெயர் என்று நினைத்து, அவனுடைய தியாகத்துக்காகப் பத்து நிமிடம் உருகிவிட்டார். "இன்னொரு தடவை படிக்காம வந்தீங்க, பேரை அடிச்சிட வேண்டியதுதான்" என்று சொல்லியிருந்தார் வட்டத்தின் தலைவி. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அடித்துவிடுவார்.

பேர் போனால் குடியா முழுகிவிடும்? அவருக்கு முழுகிவிடும். வாரம் ஆறு நாளும் "இந்த எழுத்து தெரியுதா? இதுக்குக் கீழே?" என்று கேட்டே காலம் தள்ளும் மனிதரை 'விமர்சகரே' என்று கூப்பிடும் ஒரே இடம் அதுதான்.

இந்த முறையும் அவர் படிக்கவில்லை. பின்னட்டையில் ஆசிரியரின் புகைப்படத்தை மட்டும் போட்டுப் பதிப்பாளர் சதி செய்துவிட்டார். உள்ளே முந்நூற்றெண்பது பக்கம். நேராக மனைவியிடம் கொடுத்தார். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் எறிவாள் அவள்.

"படிச்சிட்டுக் கதையை மட்டும் சொல்லிடும்மா."

அவளும் ஒரு வாரமாக, அவர் சவரம் செய்யும்போதும் சட்டைக்குப் பொத்தான் போடும்போதும் சொன்னாள். அவரும் வரி விடாமல் காது கொடுத்துக் கேட்டார். பரீட்சை இருக்கிறதே!

"கல்யாண நாள் அன்னைக்கு அவன் என்ன வாங்கிட்டு வர்றான் தெரியுமா?" என்று வட்டத்தாரிடம் தொடர்ந்தார். "குக்கருக்கு காஸ்கெட்! அதுவும் அளவு சின்னது!"

வட்டம் கொல்லென்று சிரித்தது.

"இடுப்பு வரைக்கும் இருந்த முடியைக் கழுத்தோட வெட்டிட்டு வந்து நிக்கிறா அவ. நாலு நாள் கழிச்சு அவன் கேக்குறான், 'என்ன, வீடு பளிச்சுன்னு இருக்கே, பல்பு மாத்துனியா?'"

"அடப்பாவி!" என்றார் பல் டாக்டரம்மா.

"துணி காயப் போடும்போது அவ அருமையாப் பாடுவா. இவன் செருப்புச் சத்தம் கேட்டா நிறுத்திடுவா. இருபத்திரண்டு வருஷமா, அவ பாடுவான்னே அவனுக்குத் தெரியாதுங்க..."

இந்த இடத்தில் அவர் தொண்டை அடைத்துக்கொண்டது. அதில் நடிப்பில்லை.

"ஆனா ஒண்ணு. அவன் கெட்டவன் இல்லை. யாராவது உட்கார வச்சு எடுத்துச் சொன்னா திருந்திடுவான். அந்த நம்பிக்கை எனக்கு இருக்கு."

படபடவென்று கைதட்டல். அடுத்து வாசகர்கள் கருத்து. ஒரு தப்பு கண்டுபிடித்தால் போதும், தீர்ந்தது.

"எனக்கும் அதேதான் தோணுச்சு" என்றார் தலைவி. "அந்த காஸ்கெட் வர்ற அத்தியாயத்துல, ஆத்திரம் தாங்காம புத்தகத்தையே மூடி வச்சிட்டேன்."

"நான் ரெண்டு தடவை படிச்சேன்" என்றார் டாக்டரம்மா. "ரெண்டாவது தடவை அவன் மேல கோபம் இன்னும் ஜாஸ்தியாச்சு."

பின்வரிசை வக்கீல் எழுந்தார். "அந்தப் பாடுற கட்டம்... ஆசிரியர் செதுக்கியிருக்கார் சார்!"

கண்ணாடிக்கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேரை அடிப்பதாவது! வட்டத்தின் செயலாளராகவே ஆக்கி அனுப்பினார்கள்.

வீட்டுப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

"பின்னிட்டேன்மா! செயலாளர் ஆக்கிட்டாங்க!"

"கதை பிடிச்சிருந்ததாமா?" என்று கேட்டாள் மனைவி.

"பிடிச்சிருந்ததாவா? அத்தனை பேரும் சேர்ந்து அந்த ஆளைக் கிழிகிழின்னு கிழிச்சிட்டோம்! தலைவியம்மா காஸ்கெட் அத்தியாயத்துல புத்தகத்தையே மூடிட்டாங்களாம். டாக்டரம்மா ரெண்டு தடவை படிச்சாங்களாம்!"

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள்.

"எதுக்கு இப்படிச் சிரிக்கிறே? அந்தப் பொண்ணு பாவம். பேசும்போது எனக்கே தொண்டை அடைச்சிடுச்சு, தெரியுமா?"

சிரிப்பு நின்றது. "நிஜமாவா?"

"சத்தியமா. ஆமா, முடிவை நீ சொல்லவே இல்லையே? அவனை விட்டுட்டுப் போயிடுறாளா? வழியெல்லாம் அதே கவலை எனக்கு. கொடு, கடைசி அத்தியாயத்தையாவது நானே படிக்கிறேன்."

அவள் புத்தகத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"தாராளமாப் படிங்க. ஆனா இதுல முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் கலங்கரை விளக்கத்துல தனியா இருக்குற ஒரே ஒரு ஆள்தான். புருஷனும் கிடையாது, பொண்டாட்டியும் கிடையாது" என்றாள். "நான் சொன்ன கதையோட நாயகன் இப்பத்தான் செயலாளராகி வீட்டுக்கு வந்திருக்காரு. முடிவு என்னன்னு இனிமேதாங்க பார்க்கணும்!"