மொட்டை ப்ளேயர்

வேலையிலிருந்து வந்து மனைவியின் கம்ப்யூட்டரைத் திறந்தவருக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் போட்டுக் கொடுத்த வீடியோ ப்ளேயரை மறுபடியும் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் பழைய மொட்டை ப்ளேயர்.

யாரோ என்ன யாரோ. பகலில் வீட்டுக்கு வருவது அந்தப் பேச்சுப் பயிற்சிக்காரி ஒருத்திதான்.

பக்கவாதம் வந்ததில் மனைவிக்கு வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வாயை எப்படித் திறப்பது, நாக்கை எங்கே வைப்பது என்று காட்டும் வீடியோக்களைப் பார்த்துத் தினமும் பழக வேண்டும். அதற்கென்று பயிற்சிக்காரி போட்டுவிட்டுப் போன ப்ளேயரில் ஒரு மண்ணும் கிடையாது. திரை முழுக்கப் படம் வரும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஓடும், மறுபடி தட்டினால் நிற்கும். அவ்வளவுதான்.

அவருக்கோ மென்பொருளில் குறை கண்டுபிடிப்பதே உத்தியோகம். விடுவாரா? விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து, தான் வருஷக்கணக்காகப் பயன்படுத்துகிற ப்ளேயரைப் போட்டார். உதட்டசைவு தெரிய வேகத்தைக் குறைத்தார். வராத சொல் மட்டும் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தார். எழுத்தைப் பெரிதாக்கினார். அத்தனைக்கும் கீழே தனித்தனிப் பொத்தான். அவள் எதையாவது தொட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாதே என்று, சாயங்காலம் தான் வந்ததும் ஓட்டிக் காட்டுவதாகவும் சொல்லிவைத்தார்.

அவ்வளவு பாசத்தோடு செய்ததைத் தூக்கிக் கடாசினால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார். பயிற்சிக்காரி பையைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டு ப்ளேயருமே காசில்லாம கிடைக்குது. ரெண்டுமே நாலு பேர் சம்பளம் வாங்காம ஊருக்காக எழுதி, யார் வேணா எடுத்துக்கலாம்னு திறந்து வச்சது. விருந்தே சும்மா கிடைக்கும்போது வெறும் தண்ணியைக் குடின்னு சொல்றது என்ன நியாயம்?"

எளிமையாக இருந்தால் நல்லது என்றாள் அவள்.

எளிமையாம். கற்றுக்கொள்ளச் சோம்பல், அதற்கு எளிமை என்று ஒரு பெயர். நோயாளிதானே, இது போதும் என்கிற நினைப்பு. அதையும் அவர் வாய்விட்டே சொன்னார்.

"எடுத்தது நீங்கதானே?"

அவள் அவருடைய மனைவியை ஒருமுறை பார்த்தாள். "ஆமான்னே வச்சுக்கங்க சார்."

அந்தப் பதில் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. முடியாதவளுக்குக் கிடைக்கிற நல்லதைத் தடுக்க எப்படி மனசு வருகிறது என்று கேட்டார். மேலிடத்தில் புகார் சொல்லி வேறு ஆளை அனுப்பச் சொல்கிறேன் என்றார். அவர் போனை எடுத்து எண்ணைத் தேடத் தொடங்கினார்.

மேஜையை யாரோ தட்டும் சத்தம் கேட்டது. மனைவிதான், இடது கையால்.

"என்னம்மா, தண்ணி வேணுமா? இரு, பேசிட்டு வரேன்."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். உதடு கோணியது. முகமெல்லாம் வேர்த்தது.

"நா... நான். எடு... எடுத்தேன்."

அவர் போனைக் கீழே வைத்தார். வாக்கியம் என்று அவள் வாயிலிருந்து வந்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

"சொல்ல வேண்டாம்னு சைகை காட்டினாங்க சார்," என்றாள் பயிற்சிக்காரி. "நீங்க ஆசையாப் போட்டது, மனசு நோகும்னு. ஒத்தைக் கையாலதான் அதை எடுத்துட்டு இதைப் போட்டுக்கிட்டாங்க. பகல் பூரா தனியாவே தட்டித் தட்டிப் பழகறாங்க."

அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபமெல்லாம் போய், குரல் கெஞ்சியது.

"ஏம்மா? அதுல எல்லாமே இருக்கேம்மா."

அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"எல்லாம்... இருக்கு. எனக்குத்தான்... அதுல... வேலையே இல்ல."