ஒன்பது விநாடி

அவள் ஸ்டாப்வாட்சைத் தட்டி நிறுத்தியபோது ஒன்பது விநாடிதான் ஓடியிருந்தது.

கை தவறிப் பட்டுவிட்டதோ என்று அவர் முன்னால் இருந்த கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். இல்லை. அவர் வேலையை முடித்திருந்தார்.

கல்லூரிப் பேருந்து ஓட்டும் ஐயம்பெருமாள் அண்ணாச்சி. ஐம்பதைத் தாண்டியவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார முடியுமா என்று அவள்தான் கேட்டிருந்தாள். காக்கிச் சட்டையோடு கம்ப்யூட்டர் லேபுக்கு வந்தவர், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்.

அவளோடு சேர்த்து மாணவர்கள் நான்கு பேர் செய்யும் புராஜெக்ட். ஒரு சமூக வலைத்தளம்; அதைப் புழங்குவது சாதாரண ஆட்களுக்கு எளிதா, கஷ்டமா என்று பார்க்க வேண்டும். ஆளுக்கு ஐந்து வேலை. ஒவ்வொன்றுக்கும் நேரம் குறிப்பார்கள். உதவக் கூடாது. தலையாட்டக்கூடக் கூடாது.

இவர் ஏழாவது ஆள்.

முதல் மூன்று வேலைகளில் திணறிப்போனார். முகப்புப் படத்தை மாற்றச் சொன்னதற்கு ஆறு நிமிடம். பிறந்தநாள் வாழ்த்து ஒன்று அனுப்பச் சொன்னதற்கு, "முடியலம்மா, விட்ருங்க" என்றார்.

நான்காவது வேலை, தவறான ஒரு படத்தின் மீது புகார் கொடுப்பது.

தவறான படம் என்று அவர்கள் போட்டு வைத்திருந்தது ஒரு ரோஜாப்பூ.

படத்தின் மூலையில் மூன்று புள்ளிகள். அதைத் தொட்டால் ஒரு பட்டியல். அதற்குள் இன்னொரு பட்டியல். என்ன காரணம் என்று கேட்கும் இடத்தில் பதினோரு வரிகள், அத்தனையும் ஆங்கிலம். மற்ற ஆறு பேரும் அங்கேதான் வழி தெரியாமல் நின்றார்கள். எம்.எஸ்ஸி. படிக்கும் பெண்ணுக்கே நான்கு நிமிடம் ஆனது.

அவர் எதையும் வாசிக்கவில்லை.

புள்ளி. நான்காவது வரி. ஏழாவது வரி. கீழே நீலப் பொத்தான்.

நன்றி என்று ஒரு பச்சைக் குறி வந்தது.

"சூப்பர் அண்ணாச்சி!" என்றான் கேமராவுக்குப் பின்னால் நின்ற இசக்கிராஜ். சொல்லியிருக்கக் கூடாது.

அவர் சிரிக்கவில்லை.

அவள் தாளில் இருந்த அடுத்த கேள்வியைக் கேட்டாள். எல்லோரிடமும் கேட்ட கேள்விதான்.

"இனிமே என்ன நடக்கும்னு எதிர்பாக்கீங்க அண்ணாச்சி?"

"ஒண்ணும் நடக்காதும்மா."

அவள் பேனா நின்றது.

"ரெண்டு நாள் கழிச்சு ஒரு பதிலு வரும். இந்தப் படத்துல தப்பு ஒண்ணும் இல்லன்னு. மறுபடி போடணும். மறுபடியும் அதே பதிலுதான்." மவுஸை மெல்லத் தள்ளி வைத்தார். "எம் மவ முகத்த எவனோ வேற உடம்புல ஒட்டிப் போட்டுட்டான். மூணு மாசமாச்சு. ரூம விட்டு வெளிய வர மாட்டேங்கா. சோத்த வாசல்ல வச்சிட்டு வாறோம்."

ஏ.சி. இரைந்துகொண்டிருந்தது.

ஐந்தாவது வேலை, நண்பர்களோடு சந்தோஷமான ஒரு படத்தைப் பகிர்வது. அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவ்வளவுதான் அண்ணாச்சி. முடிஞ்சிட்டு."

இசக்கிராஜ் கேமராவை அணைத்தான். அவள் பக்கம் குனிந்து, "இந்த ஒம்போத கணக்குல சேக்க முடியாது மெர்லின். ஆவரேஜே மாறிரும்" என்றான். ஏதாவது சொல்லவேண்டுமே என்று சொன்னது போலிருந்தது. சொன்னது சரிதான். பாடத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

வந்தவர்களுக்குக் கொடுக்க வாங்கிவைத்த பிஸ்கட் பாக்கெட்டை அவரிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டார். வாசல் வரை போய்ச் செருப்பை மாட்டியவர் நின்றார்.

"எம்மா, நீங்க எழுதுத இந்த ரிப்போர்ட்டு அவங்க கைக்குப் போவுமா? அந்தக் கம்பெனிக்காரங்க கைக்கு?"

அது பேராசிரியரின் மேசைக்குப் போகும். இருபத்தைந்து மதிப்பெண். அதன் பிறகு, போன வருடத்துக் கட்டுகளுக்கு மேலே, பீரோவுக்குப் பின்னால்.

"போவும் அண்ணாச்சி" என்றாள்.

அவள் குரல்தான் அது.

அவர் செருப்பை மறுபடியும் கழற்றினார். திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். பிஸ்கட் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பம் எழுதிக்கிடுங்க. அந்தப் படம் இருக்க எடத்தோட அட்ரஸு. போலீசுல எழுதிக் குடுத்து, எழுதிக் குடுத்து எனக்கு மனப்பாடம் ஆயிட்டு."

கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். ஆங்கில எழுத்து. எண். சாய்ந்த கோடு. மறுபடியும் எழுத்து. ஓரிடத்திலும் தடுமாறவில்லை. அவள் எழுதுவதற்காக ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்தினார்.

அவள் எழுதினாள். இசக்கிராஜ் கேமராவின் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

இரண்டு வரி வந்தது. அவர் கண்ணைத் திறந்து தாளின் மேல் குனிந்தார். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தள்ளிக்கொண்டே வந்தார்.

விரல் ஓரிடத்தில் நின்றது.

"இந்த 'எம்' சின்ன எழுத்தும்மா" என்றார். "பெரிசா போட்டா அவங்களுக்குத் தெறக்காது."

அவள் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் சின்னதாக எழுதினாள்.