இல்லாத சுவர்

இங்கிலாந்தின் வடக்கே, மரங்களற்ற ஒரு மலைக்கு இரண்டு முகடுகள். மேற்கு முகட்டில் ஒரு செம்மறித்தாய் மேய்ந்து வந்தாள். அவள் அம்மாவும் அங்கேதான் மேய்ந்தாள். முகடுகளுக்கு நடுவே இருந்த கற்சுவர் எப்போதோ இடிந்து, மண்ணோடு மண்ணாகிவிட்டது. ஆனாலும் அந்த இடம் வந்ததும் அவள் திரும்பிவிடுவாள்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம் திடீரென்று பனி கொட்டியது. விளையாட்டாகக் கிழக்கு முகட்டுக்குப் போயிருந்த அவள் குட்டி, "அம்மா!" என்று கதறினான். தாய் தலைதெறிக்க ஓடினாள். சுவர் இருந்த இடத்தில் அவள் கால்கள் நின்றுவிட்டன.

"என் குரலைப் பிடிச்சுக்கிட்டே வந்துடு, கண்ணு!"

"கால் புதையுதும்மா. நீ வா!"

பக்கத்தில் ஓர் அண்டங்காக்கை வந்து உட்கார்ந்தது. "ஏன் நிக்கிற? கூப்பிடு தூரம்தானே?"

"சுவர் இருக்கே."

"எங்கே இருக்கு?"

அவள் பார்த்தாள். வெறும் பனிதான் கிடந்தது. "எங்கம்மா இதைத் தாண்டினதில்ல," என்றாள்.

காக்கை கிழக்கு முகட்டை நோக்கிப் பறந்தது. குட்டியின் குரல் மெலிந்துகொண்டே வந்தது. தாய் ஒரு காலைத் தூக்கினாள். தூக்கிய காலை அதே இடத்தில் வைத்தாள். பிறகு குரல் கேட்கவில்லை.

மறுவருஷம் அவளுக்கு இன்னொரு குட்டி பிறந்தது. அது துள்ளிக்கொண்டு அந்த இடத்துக்கு ஓடியபோது, தாய் பதறி மறித்தாள்.

"அந்தப் பக்கம் போகாதே. உன் அண்ணன் போனான், திரும்பி வரல."

"நீ ஏம்மா போய்க் கூட்டிட்டு வரல?"

தாய் தலையைக் குனிந்து, புல்லே இல்லாத பாறையை மேயத் தொடங்கினாள்.